பொட்டு வைத்த இடம்

"என் கவனக்குறைவுதான்" என்று மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலும் ஒருமுறை சொல்லிவிட்டால், துளையிடும் மெஷின் மறுபடியும் மெர்சியுடையது. சொல்லாவிட்டால் பேக்கிங் மேசையே அவளுக்கு நிரந்தரம். சூப்பர்வைசர் ரகுபதி இதை வரம் அருள்பவரைப் போன்ற முகத்துடன் கூறினார்.

"நானே மேனேஜர் கிட்ட உனக்காகப் பேசி வெச்சிருக்கேம்மா. ஒரு வார்த்த. துண்டக் கையில புடி, பேரச் சொல்லு, தப்பு என்னுதுன்னு சொல்லு. அடுத்த நிமிஷம் மெஷின் உன்னுது. நான் இருக்கேன் உனக்கு."

மெர்சி தலையசைத்தாள். அது சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. ரகுபதி அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், ஏரிக்கரைக்கு அப்பால், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நடந்துவந்த தொழிற்சாலை அது. மொபெட்டுகளுக்கான வார்ப்பிரும்புத் துண்டுகளைத் தேய்த்தும் துளைத்தும் மறைமலை நகருக்கு அனுப்பிவந்தார்கள். அங்கிருந்து ஏதேனும் துண்டு கோளாறென்று திரும்பிவந்தால், அதைச் செய்தவர் காலைச் சங்கு ஊதியதும் முற்றத்தில் முன்னே வந்து நின்று, அந்தத் துண்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தம் பெயரையும் மெஷினையும் கூறி, தவறு தம்முடையதென்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பான் நாட்டில் இப்படித்தான் செய்கிறார்களாம். அந்நாட்டைப் பார்த்தவர் அந்த முற்றத்தில் ஒருவரும் இல்லை. ஆயினும் தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அது சட்டமாயிற்று. வாரந்தோறும் யாரேனும் ஒருவர் இரும்பைத் தாங்கி நின்றார். துளையிடும் முனையான பிட்டை மழுங்கியதாகக் கொடுத்த ஸ்டோர்க்காரர் நின்றதில்லை. புரைவிழுந்த வார்ப்பை மலிவென்று வாங்கியவர் நின்றதில்லை. குற்றம் எங்கே பிறந்தாலும் அது உருண்டுவந்து, மெஷின்முன் நிற்கும் ஆளின் காலடியில் விழும்படி அந்த முற்றத்தின் தரையே சாய்த்துக் கட்டப்பட்டதுபோல் இருந்தது.

மெர்சி வடக்குப்பட்டுக்காரி. பிசிறு நீக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். டிரில்லிங் மெஷினில் இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, ஆள் கிடைக்கும்வரை நிற்கட்டும் என்று அவளை அங்கே நிறுத்தினார்கள். நின்றவளை எடுக்க மனம் வரவில்லை. துண்டுகள் அத்துணை நேர்த்தியாய் வந்தன. அந்தக் கூடத்தில் மெஷினில் நின்ற ஒரே பெண் அவள். பிட் இரும்புக்குள் இறங்கும்போது எழும் ஓசை எந்த இடத்தில் தடித்து எந்த இடத்தில் மெலியும் என்பதை, ஓதுவார் பண்ணின் ஏற்ற இறக்கத்தை உணர்வதுபோல் அவள் கை உணர்ந்திருந்தது. கைப்பிடியை எப்போது அழுத்துவது, எப்போது விட்டுக்கொடுப்பது என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. கை அறிந்தது, அவள் கையை நம்பினாள்.

அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் உடைத்தார்கள். அதுவும் ஒரு பூசையின் பெயரால்.

ஆயுத பூசை அழகிய வழிபாடு. சோறிடும் கருவியை ஆண்டில் ஒருநாளேனும் கைகூப்பித் தொழுவதைவிட உயர்ந்த நன்றி உண்டோ? அந்தத் தொழிற்சாலையில் அதற்கொரு முறை இருந்தது. அவரவர் மெஷினுக்கு அவரவரே சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். தேங்காய் உடைப்பதும் கற்பூரம் காட்டுவதும்தான் பொது. ஆகையால் பொட்டுகளெல்லாம் மோட்டார் மூடியிலும் தூணிலும் பலகையிலும் ஒழுங்காக அமர்ந்திருக்கும். தன் மெஷினின் நுட்பமான இடத்தில் எவனும் சந்தனத்தை அப்பமாட்டான்.

மெர்சியும் மண்ணெண்ணெய் தொட்டு மெஷினைப் பளபளவென்று துடைத்து, கனகாம்பரச் சரம் சுற்றி, சந்தனக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நின்றாள். ரகுபதி வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"நீ வேணாம்மா. உங்க ஆளுங்க இதெல்லாம் வெக்க மாட்டீங்க. நான் வெச்சிடறேன்."

"இல்ல சார், நானே வெக்கறேன். என் மெஷினு தானே சார்?"

"அப்புறம் ஞாயித்துக்கிழம சர்ச்சுல ஃபாதரு முட்டிக்கால் போட வெச்சா நான் பொறுப்பில்லம்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெர்சியும் சிரிக்க முயன்றாள். அந்த மெஷினில் ஒருநாளும் நின்றறியாத ரகுபதி தாராளமாகச் சந்தனத்தை வாரினார். மெஷினின் தலையில் ஒரு பொட்டு, கைப்பிடியில் ஒரு பொட்டு. பிறகு குனிந்து ஜிக்குக்குள் கை நீட்டினார். துளையிடும்போது துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டத்துக்கு ஜிக் என்று பெயர். அதன் அடித்தளத்தில் பேடு எனப்படும் மூன்று சிறு எஃகு மேடுகள் உண்டு. துண்டு அவற்றின்மேல் சமமாக உட்கார்ந்தால்தான் துளை நேராக விழும். அவற்றுள் ஒன்றின்மேல் கட்டைவிரலால் ஒரு திரளை அழுத்தி, அதன் நடுவே குங்குமம் இட்டார்.

மறுநாள் விஜயதசமி. புதிதாய்த் தொடங்குவதற்கு உகந்த நாளென்று முழு ஷிப்ட் வைத்தார்கள். காலையில் மெர்சி ஜிக்குக்குள் பார்த்தாள். சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சை எடுத்த கை பாதி வழியில் நின்றது. பூசையில் இட்டதை இவள் துடைத்தாள் என்று நாளை ஒரு பேச்சு எழுந்தால்? திரும்பி, ரகுபதியைக் கூப்பிட்டாள்.

"சார்! ஜிக் உள்ள சந்தனம் ஒட்டிகினு கீது. தொடச்சிடட்டுமா?"

மெஷின்களின் இரைச்சலில் அவள் உரக்கத்தான் கேட்டாள். அவரும் உரக்கவே பதில் சொன்னார்.

"பூஜ போட்டத மறுநாளே தொடைப்பாங்களா? அதுவும் நீ தொடச்சா இன்னா பேச்சு வரும் தெரியுமா? தானா உதுந்துடும். ஓட்டும்மா, ஓட்டு."

அடுத்த மெஷினில் இருந்த கன்னியப்பன் ஒருகணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மெர்சி பஞ்சைக் கீழே வைத்தாள். தெரிந்தவர் சொல்கிறார், மெல்லிய படலம்தானே, ஒன்றும் ஆகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கைப்பிடியை இறக்கினாள். வார்ப்பிரும்பைத் துளைக்கத் தண்ணீரும் எண்ணெயும் வேண்டா, காய்ந்தபடியே துளைப்பார்கள். கழுவிப் போக வழியில்லாத சந்தனம் இரும்புத் தூளோடு சேர்ந்து இறுகி, உணவு இடைவேளை வரைக்கும் அங்கேயே கிடந்தது. அதன் பிறகு துண்டுகளின் அழுத்தத்தில் தேய்ந்து உதிர்ந்தது. காலையில் துளைத்தவற்றில் அச்சு நுழையவில்லையென்று மறைமலை நகரிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தபோது, ஜிக்கின் பேடுகள் மூன்றும் கண்ணாடிபோல் மின்னின.

"சந்தனமா? நான் மேல தலையில இல்ல வெச்சேன்?" என்றார் ரகுபதி, வியப்பே வடிவாக. "ஜிக்குக்குள்ள எவனாச்சும் பொட்டு வெப்பானா? கனவு கினவு கண்டியா நீ?"

"நான் கேட்டேனே சார், தொடச்சிடட்டுமான்னு..."

"இன்னாத்த கேட்ட? எப்போ கேட்ட?"

மேனேஜர் சுப்பிரமணி கொடியவர் அல்லர். எந்த விவகாரத்தையும் அன்று மாலைக்குள் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேட்கை இல்லை. "மெஷின் சரியா இருக்கு. ஜிக் சரியா இருக்கு. மத்தியானம் போட்ட துண்டெல்லாம் நேரா இருக்கு. மிச்சம் என்னம்மா? கைதானே?" என்று அன்போடு கேட்டார். அந்த அன்புதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஐயம் நெஞ்சின் உள்ளிருந்து முளைப்பதென்று பொதுவாக எண்ணுகிறோம். மெர்சிக்கு அதை வெளியிலிருந்து ஊற்றினார்கள். அடுத்த சில நாட்கள் அவள் மெஷினுக்குப் பின்னால் ரகுபதி கைகட்டி நின்றார். பிட் பாதி இறங்கியதும் நிறுத்தி, துண்டைக் கழற்றிப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். எண்ணாமல் செய்துவந்ததை எண்ணி எண்ணிச் செய்யத் தொடங்கியதும் ஓசை அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தி ஒரு பிட்டை ஒடித்தாள். "பாத்தியா?" என்றார் ரகுபதி, சுற்றியிருந்த அனைவருக்கும் கேட்க. அன்றே அவளைப் பேக்கிங் மேசைக்கு மாற்றி, அவள் இடத்தில் கோபால் என்பவனை நிறுத்தினார்கள். முற்றத்தில் துண்டைப் பிடித்து நிற்க மட்டும் அவள் அதுவரை இசையவில்லை.

அதனினும் கொடியது வேறொன்று. காய்ந்த சந்தனத்தையும் நடுவிலிருந்த குங்குமத்தையும் கண்ணால் கண்டவள், உண்மையிலேயே கண்டோமா என்று தன்னையே வினவத் தொடங்கினாள். ஒருவேளை பொட்டு மேலேதான் இருந்ததோ? கேட்டதாக நினைப்பதுகூடக் கேட்க எண்ணியது மட்டும்தானோ? ஒருத்தியின் வேலையைப் பறிப்பது ஒரு கொடுமை. அவள் கண்ணையே அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆக்குவதற்கு என்ன பெயர் வைப்பது?

ரகுபதி வரம் அருளிச் சென்ற அந்தக் காலையில், பேக்கிங் மேசையின்மேல் திரும்பிவந்த பெட்டியைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள். கழிவுக்குப் போகுமுன் எண்ணிக் கட்ட வேண்டுமாம். மெர்சியோடு செல்லம்மாள் இருந்தாள். அந்த மேசையில் நெடுநாள் வேலைசெய்பவள், வாய் ஓயாதவள்.

"இந்தாடி, உன் கொழந்தைங்க வந்துகீதுங்க, பாரு," என்றாள்.

"சும்மா இரு க்கா."

"இன்னா சும்மா? ஒவ்வொன்னும் ஒரே மாரி சாஞ்சிகினு கீது. காத்தடிச்ச நெல்லாட்டம்." துளைகளில் ஆணிகளைச் செருகி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள் செல்லம்மாள். எண்ணுவதற்கு எளிதாக இருக்கட்டுமென்று செய்ததுதான். "என் மருமவப்புள்ள சாராயம் குடிச்சாக்கூட ஒருநாள் இந்தாண்ட சாய்வான், ஒருநாள் அந்தாண்ட சாய்வான்."

மெர்சி நிமிர்ந்தாள்.

ஆணிகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. ஒன்றுகூட மாறவில்லை. கையில் நடுக்கம் இருந்தால் துளை நாற்புறமும் கோணும். ஒன்று இடமும் ஒன்று வலமுமாக உளறும். இவை உளறவில்லை. ஒரு பக்கத்தை உயர்த்திவைத்து, அந்த உயரத்தின்மேல் மாறாத கையால் துளைத்தவை. ஒரு துண்டை எடுத்து, ஜிக்கில் உட்காரும் வாக்கில் திருப்பிப் பிடித்தாள். உயர்ந்த பக்கம் எதுவென்று பார்த்தாள். ரகுபதியின் கட்டைவிரல் அழுந்திய மூலை அது.

தான் பிழையற்றவள் என்று அறிந்ததில் வந்த மகிழ்ச்சி ஒருகணம்தான் நின்றது. உடனே அவ்விடத்தில் வந்து அமர்ந்தது சினம். இத்தனை நாள் இரவில் புரண்டதும், சோற்றைப் பிசைந்தபடியே இருந்ததும், ஞாயிறன்று கோயிலில் மண்டியிட்டு "ஆண்டவரே, என் கையைத் திடப்படுத்தும்" என்று கெஞ்சியதும் நினைவுக்கு வந்தன. திடமாக இருந்த கையைத் திடப்படுத்தச் சொல்லி மன்றாட வைத்துவிட்டார்களே!

சோற்று நேரத்தில் அந்தத் துண்டோடு கன்னியப்பனிடம் போனாள். கன்னியப்பன் மணிமங்கலத்துக்காரர். மார்கழி முழுதும் விடியுமுன் எழுந்து பெருமாள் கோயிலில் பாசுரம் பாடிவிட்டு வேலைக்கு வருபவர். நெற்றித் திருமண் வியர்வையில் கலைந்தாலும் மாலைவரை ஒரு கீற்றாவது மிஞ்சியிருக்கும். தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் மூடினார்.

"அண்ணா, அன்னிக்குக் காலையில நான் சார் கிட்ட கேட்டது உங்க காதுல விழுந்துச்சா இல்லியா?"

அவர் அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "விழுந்துது," என்றார்.

"அவரு சொன்னது?"

"அதுவும் விழுந்துது."

"அப்புறம் ஏன் நீங்க வாயத் தொறக்கல?"

"எப்டிம்மா சொல்றது? சந்தனத்தால கெட்டுச்சுன்னு நான் சொன்னா, பூஜையால கெட்டுச்சுன்னு ஆயிடாதா? சாமி மேல பழி வந்துடும். அதான்..."

"சாமி மேல வரக்கூடாதுன்னு என் மேல போட்டுட்டீங்க."

கன்னியப்பன் தூக்குச் சட்டியைத் தள்ளி வைத்தார்.

"உங்க சாமிக்கு அந்தப் பழியத் தாங்கத் தெம்பு இல்லியா ண்ணா? எனக்குத்தான் நெறைய கீதுன்னு நெனச்சீங்களா?"

அவள் போய்விட்டாள். உலகளந்தவனைக் காப்பாற்றத் தம் மௌனம் தேவைப்பட்டதென்று எண்ணியிருந்த அந்த மனிதர், அன்று சட்டியைத் திறக்கவே இல்லை.

மாலையில் கூட்டுரோட்டில் அவளுக்காக அண்ணன் ஜோயல் சைக்கிளோடு காத்திருந்தான். ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வேலை அவனுக்கு. விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டே சைக்கிளைத் தள்ளிவந்தான். வடக்குப்பட்டுச் சாலையில் வெயில் இன்னும் மீதமிருந்தது.

"ஒரே வார்த்ததானே மெர்சி? சொல்லிட்டு மெஷின வாங்கிக்கோ. நான் டெய்லி பத்து பேர்கிட்ட சாரி சொல்றேன். வாய் தேஞ்சா போச்சு?"

"நீ செஞ்சதுக்குச் சொல்ற."

"யாரு சொன்னா? பாதி நான் செய்யாததுக்குத்தான். லாரிக்காரன் லேட்டா வந்தாலும் நான்தான் சாரி."

"அதான் நீ இன்னும் மூட்ட தூக்கறே."

சொன்ன பிறகு வருந்தினாள். ஜோயல் கோபப்படவில்லை. "சரிடி, தூக்கறேன். உனக்கு இன்னாதான் வேணும்? மெஷினா, நியாயமா? ரெண்டும் சேந்து குடுக்கமாட்டாங்க."

"நாளைக்கு நான் என் கைதான் தப்புன்னு சொல்றேன்னு வெச்சிக்கோ. மெஷினு வந்துடும். அடுத்த மாசம் இன்னொன்னு கோணும். அப்போ இன்னா சொல்வாங்க? அதான் அன்னிக்கே ஒத்துக்கினியேன்னுவாங்க. நானும் நம்புவேன். இப்பவே பாதி நம்பிட்டேன் ண்ணா."

ஜோயல் நடையை நிறுத்தினான். தங்கையை ஏறிட்டுப் பார்த்தான். "பேக்கிங்கும் வேலதான்," என்றான் மெதுவாக. "போனா போவுது. உன் இஷ்டப்படி பேசு."

மறுநாள் சங்கு ஊதியது. முற்றத்தில் கூடினார்கள். சுப்பிரமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரகுபதி ஒரு துண்டைக் கொண்டுவந்து மெர்சியின் கையில் கொடுத்தார், ஆலயத்தில் பிரசாதம் தருபவரின் பரிவோடு. அவள் அதை வாங்கிக்கொண்டு முன்னே வந்து நின்றாள். இரும்பு சில்லென்றிருந்தது. எதிரே நின்ற முகங்கள் எல்லாம் ஒரே முகமாகக் கலங்கித் தெரிந்தன. இரண்டு சொற்கள். சொல்லிவிட்டால் இந்த இடத்தை விட்டுப் போய்விடலாம்.

"பேரு மெர்சி. டிரில்லிங் மெஷினு," என்றாள்.

"ம், சொல்லு," என்றார் ரகுபதி.

"இது கோணினதுக்கு என் கை காரணம் இல்ல."

ரகுபதி சிரித்தபடி ஓரடி முன்வைத்தார். "பயந்துடுச்சு பாவம். ஏம்மா, நான் உனக்கு இன்னா சொல்லிக்குடுத்தேன்?"

"நீங்க சொல்லிக்குடுத்தத நான் சொல்லல சார். நான் பாத்தத சொல்றேன். பூஜ அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க மெஷினுக்குப் பொட்டு வெச்சாங்க. என்ன மட்டும் வெக்க விடல. நீங்க வெச்சீங்க. ஜிக்குக்குள்ள, பேடு மேல வெச்சீங்க. மறுநா காலையில தொடச்சிடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னீங்க. பெட்டியில இருக்கற துண்டெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு, நீங்க வெச்ச பக்கமா. கை கோணினா அப்டி சாயாது." மூச்சு வாங்கினாள். "என் தப்பு ஒன்னு கீது. கண்ணால பாத்துட்டு, நீங்க ஒரு அதட்டுப் போட்டதும் என் கண்ண நம்பாம ஓட்டினேன். அது என்னுது. அத நான் ஒத்துக்கறேன். மிச்சத்த ஒத்துக்க மாட்டேன்."

"பாத்தீங்களா சார்?" ரகுபதி மேனேஜர் பக்கம் திரும்பினார். "பூஜ மேலயே கை வெக்குது. சந்தனம் வெச்சதாலதான் சரக்கு கெட்டுச்சாம். எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா, இது எங்க போய் நிக்குதுன்னு!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எந்தப் பேச்சு வருமென்று அஞ்சி அவள் அன்று பஞ்சைக் கீழே வைத்தாளோ, அதே பேச்சு இன்று அவளைத் தேடி வந்தது. ஆனால் அடுத்து எழுந்த குரல் அவள் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

"ரகுபதி, போதும் நிறுத்து."

கன்னியப்பன் வரிசையிலிருந்து வெளியே வந்தார். பாசுரம் பாடிப் பழகிய குரல் அது. முயலாமலே முற்றத்தின் கோடிவரை சென்றது.

"அந்தப் பொண்ணு கேட்டத நான் கேட்டேன். நீ தொடைக்காதன்னு சொன்னதையும் கேட்டேன். பயந்துகினு சும்மா இருந்தேன், வெக்கமா கீது. பூஜயில ஒரு கொறையும் இல்ல. வெக்க வேண்டியவ கையிலேருந்து கிண்ணத்தப் புடுங்கின பாரு, அங்கதான் கொற. மெஷினத் தெரிஞ்சவ வெச்சிருந்தா சரியான எடத்துல வெச்சிருப்பா. சந்தனம் பெருமாளுக்குச் சாத்தறது. அத எடுத்து உன் பொய்யிக்குப் பூசாத."

ரகுபதியின் முகம் கறுத்தது. "அண்ணே, நீங்களா..." என்றார்.

சுப்பிரமணி தொண்டையைச் செருமினார். மறைமலை நகர் லாரி வரும் நேரம். "சரி, சரி. விஷயம் தெரிஞ்சுபோச்சு. இத பெருசு பண்ண வேண்டாம். மெர்சி, நீ மெஷினுக்குப் போ. கோபால், நீ பழைய இடத்துக்குப் போயிடு. எல்லாரும் ஆரம்பிங்க."

விரும்பியது கிடைத்துவிட்டது. கூட்டம் கலையத் தொடங்கியது. மெர்சி நகரவில்லை.

"சார்."

"இன்னும் என்னம்மா?"

"என் கைதான்னு இந்த முத்தத்துல எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கப் பாத்தீங்க. இல்லன்னு ஆனதும் சரி சரின்னு போறீங்க. சொல்ல இருந்த எடத்துலயே அதையும் சொல்லுங்க சார். துண்டு கெட்டா ஒருத்தரு புடிச்சிகினு நிக்கணும்னு சட்டம் வெச்சது நீங்கதான்."

"உனக்கு மெஷின் கொடுத்தாச்சு. மறுபடி எடுக்க வெச்சிடாத," என்றார் சுப்பிரமணி. குரலிலிருந்த அன்பு வற்றிவிட்டது.

"எடுத்துக்கோங்க சார்."

சொல்லிவிட்டாள். மெஷின் கையைவிட்டு மெய்யாகவே நழுவுவதை உணர்ந்தாள். ஆனால் பின்வாங்கத் தோன்றவில்லை. துண்டை ரகுபதியின் பக்கமாக நீட்டியபடி நின்றாள். கலைந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கன்னியப்பன் தம் இடத்தைவிட்டு அசையவில்லை. செல்லம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இன்றைக்கு வேலை தொடங்காவிட்டாலும் தனக்கொன்றும் அவசரமில்லை என்பதுபோல் நின்றாள். கோபால் மெஷின்பக்கம் போகாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயிலில் லாரி ஹாரன் அடித்தது. சுப்பிரமணி ஒருமுறை வாயிலையும் ஒருமுறை கூட்டத்தையும் பார்த்தார். எது விரைவில் முடியும் என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது.

"ரகுபதி," என்றார் கடைசியில். "சொல்லிட்டு வாய்யா."

ரகுபதி துண்டை வாங்கினார். அவர் கை அதைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, ஒருநாளும் அதை அப்படிப் பிடித்துப் பழகியவர் அல்லர் என்று. மார்புக்கு நேராக உயர்த்துவதா வேண்டாமா என்று தயங்கி, இடுப்பளவில் நிறுத்தினார். உதடு அசைந்தது.

"பின்னால ஒன்னும் கேக்கலியே சார்!" என்றாள் செல்லம்மாள்.

யாரோ சிரித்து அடக்கினார்கள். மெர்சி சிரிக்கவில்லை.

"பேரு ரகுபதி. சூப்பர்வைசர்." மறுபடி ஒரு நிறுத்தம். "பொட்டு... நான்தான் வெச்சேன், உள்ள. அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். அது கை மேல தப்பில்ல."

சங்கு இரண்டாம்முறை ஊதியது. கூட்டம் கூடத்துக்குள் பாய்ந்தது. கோபால் முன்னதாகவே வந்து தன் தோள்துண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, "வா க்கா" என்று ஒதுங்கினான். மெர்சி மெஷினின்முன் நின்றாள். மோட்டாரைப் போட்டாள். துண்டை மாட்டி, இறுக்கினாள். நெஞ்சு இன்னும் முற்றத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தது. பிட் இரும்பைத் தொட்டது. ஓசை தடித்து, மெலிந்து, மறுபுறம் வெளிப்பட்டது. நிறுத்திப் பார்க்காமல் அடுத்த துண்டை எடுத்தாள்.

ரகுபதி அவ்வழியே போனவர் நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்போ திருப்தியாம்மா உனக்கு?"

"இல்ல சார்," என்றாள் மெர்சி, பிட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாக் கோவமா கீது. தள்ளி நில்லுங்க, தூள் கண்ணுல படும்."

கைப்பிடியை இறக்கினாள்.